எனக்குத் தெரியாதுங்க

திரையின் வலது மூலையில் நேரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம், ஐம்பத்தேழு, நான் இன்னும் முதல் கேள்வியைப் படிக்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். துடைக்கிறேன், இப்போது என்ன? பத்தொன்பது வருடம் பங்குத் தரகர் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஊரார் வாங்கு என்றால் வாங்கியும் விற்று விடு என்றால் விற்றும் கொடுத்தவள், ஒரு தட்டு கூடிப்போனால் நூறு ஆயிரமாகிவிடும் வேலையில் ஒரு நாளும் கை தப்பாதவள், எனக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயமா. பயம்தான். ஒத்துக்கொள்கிறேன், மனசுக்குள் ஒத்துக்கொள்வதில் என்ன குறைந்துபோகிறது. அவினாசி சாலையில் சோபாக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, ஏசி நேராகப் பிடரியில் வீசுகிறது, முப்பது கம்ப்யூட்டர், முப்பது தலை, அதில் நரைத்த தலை என்னுடையது ஒன்றுதான். வாட்சைக் கழற்று, போனை லாக்கரில் வை, பேனா நாங்கள் கொடுப்போம், கைப்பை உள்ளே கூடாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் எல்லாம் கீழ வெயிட் பண்ணணுமாம்" என்றாள், மரியாதையாகத்தான் சொன்னாள், பாவம். "நீ எழுதற அதே பரீட்சையத்தான் நானும் எழுதறேன் கண்ணு. உங்கம்மா கீழ இருந்தாங்கன்னா எனக்கும் ஒரு டீ சொல்லி வெக்கச் சொல்லு" என்றேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றபடி நாலாவது கேள்விக்குப் போய்விட்டாள். போகட்டும். நாற்பத்தெட்டு வயதில் நான் ஓடுகிற ஓட்டம் வேறு. என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட வீட்டுக்காரர் வண்டியை அணைக்காமலே சொன்னார், "போன தடவ மாதிரி உம்பட அறிவக் காட்டாத வசந்தமணி. புஸ்தகத்துல என்ன இருக்குதோ அத அமுக்கு, எறங்கி வந்துரு." கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான புத்திமதி அது. கண்ணாடியை மாட்டுகிறேன். முதல் கேள்வி.

போன தடவை ஐம்பத்தேழேகால். பங்கு ஆய்வாளராகப் பதிவு செய்துகொள்ள எழுதுகிற பரீட்சை இது, நூற்றுக்கு அறுபது வேண்டும். தப்பாக ஒன்றை அமுக்கினால் கால் மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொள்வார்கள், அந்தக் கால்கால்களில் போனவள் நான். படிக்காமல் போகவில்லை, அதிகம் தெரிந்ததால் போனேன், சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரி கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அடுத்த வாரம் கணக்கு வெளியே வருகிறது, லாபம் இரண்டு மடங்கு என்று ஆய்வாளர் காதில் போடுகிறார், ஆய்வாளர் என்ன செய்வார், இதுதான் கேள்வி, நாலு விடை. 'அந்தத் தகவலைப் பயன்படுத்த மாட்டார்' என்று ஒன்று இருந்தது, பார்த்தேன். அதற்குக் கீழே 'தன் முக்கியமான வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிப்பார்' என்று இன்னொன்று. என் கை தானாகப் போய் அதன் மேல் உட்கார்ந்தது. ஏனென்றால் தெரிவிப்பார். நான் பார்த்திருக்கிறேன். பாயசம் வருவதற்குள் தெரிவித்துவிடுவார். அறிக்கை வெளியே வருவதற்கு முன்னால் ஆய்வாளர் அந்தப் பங்கைத் தனக்கு வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி. வாங்காமல் எவன் அறிக்கை எழுதுகிறான்? அப்படியே போனது. நடக்கிறது இது, நடக்க வேண்டியது அது, பரீட்சை கேட்டது இரண்டாவதை, நான் எழுதியது முதலாவதை. நாச்சிமுத்து அண்ணனிடம் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தால் கை வேறு எங்கே போகும். அண்ணன் எங்கள் முதலாளி, ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் சந்தில் எங்கள் அலுவலகம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், என் மகளைக் காலேஜில் சேர்க்கப் போன அன்றைக்கு அவர் கார்தான் வந்தது. ஆனால் அலுவலகப் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும், அது சட்டம், அதனால் அண்ணன் போனில் சாமியார் மாதிரி பேசுவார். "உங்க பணமுங்க, உங்க விருப்பமுங்க, நாங்க ஒண்ணும் சொல்றதில்லீங்க." அடுத்த மூச்சில், "சும்மா ஒரு டீ சாப்பிடலாம் வாங்க." கீழே பேக்கரி. தேங்காய் பன்னும் டீயும் வந்தால் கருத்தும் வரும், எதை வாங்கலாம், எதை எந்த விலைக்குத் தள்ளலாம், எல்லாம் அந்த பெஞ்சில்தான், அங்கே பதிவு செய்ய ஆளில்லை. பன் எடுத்து வைக்கிற பேக்கரிக்காரர் எங்களைவிட முன்னால் பங்கு வாங்கிவிடுவார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நான் அந்த பெஞ்சுக்குப் போனதில்லை. எனக்கு டீ பார்சலாக மேலே வரும். எனக்கென்று கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம், வேலையில் சேர்ந்த முதல் நாளே கொடுத்தார்: "யாரு என்ன கேட்டாலும், எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிப் போடு வசந்தமணி. நீ ஆர்டர் போடற ஆளு. கருத்து சொல்ற ஆளு இல்ல."

ஆறாவது, ஏழாவது, எட்டாவது. புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அது. பந்தியில் காதில் விழுந்ததா, பயன்படுத்தக் கூடாது. தனக்குப் பங்கு இருக்கிறதா, அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். வாங்கு என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் தான் விற்கலாமா, கூடாது, கூடாது, கூடாது. இப்படி வரிசையாகக் கூடாது கூடாது என்று அமுக்கிக்கொண்டு போகிறபோது ஒரு சுகம் இருக்கிறது, நாச்சிமுத்து அண்ணனின் பெஞ்சை ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்குகிற மாதிரி. ஒரு கேள்வி வந்தது, ஒருவர் பரீட்சையில் தேறிவிட்டார், பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியிடமிருந்து பதிவு எண் இன்னும் வரவில்லை, தெரிந்தவர் ஒருவர் ஒரு பங்கை வாங்கலாமா என்று கேட்கிறார், சொல்லலாமா? கூடாது. இதெல்லாம் ஒரு கேள்வியா, பிள்ளைகளுக்குச் சும்மா மார்க் போடுவதற்கு வைத்தது, அமுக்கினேன், அடுத்தது. இங்கிலீஷ் இப்போது என்னை மிரட்டுவதில்லை. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, தபாலில் பி.காம். முடித்த எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள்தான். நான் சேர்ந்த காலத்தில் அதெல்லாம் தபாலில் புத்தகமாக வரும், வழவழவென்று நல்ல தாள், யாரும் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள், மாதம் ஒரு முறை பழைய பேப்பர்காரருக்குப் போகும், பாதி பேக்கரிக்குப் போகும். எத்தனை பெரிய பெரிய கம்பெனிகளின் லாபக் கணக்கில் வாழைக்காய் பஜ்ஜி மடித்து வாங்கித் தின்றிருக்கிறோம். ஒரு நாள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எண்ணெயில் ஊறிய தாளைப் படித்தேன், புரியவில்லை, அது எனக்குக் கோபமாக வந்தது. புரியாத பொருளை வருடக்கணக்காக வாங்கி விற்கிறார்களே இத்தனை பேர், அவர்களுக்கு வெட்கமாக இல்லையா என்று நினைத்தேன், அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஆண்டறிக்கை. பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. முன்னால் சேர்மன் படம், சிரிப்பு, மரம் நடுகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நிற்கிறார். பின்னால் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும், கம்பெனி அங்கேதான் வாயைத் திறந்து உண்மை பேசும். எவனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார்கள், எந்தக் கேஸ் நடக்கிறது, மச்சான் கம்பெனிக்கு எவ்வளவு போயிருக்கிறது, எல்லாம் அங்கே. இந்த ஊரில் பெஞ்சில் உட்கார்ந்து கருத்துச் சொன்ன ஒரு ஆள் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருப்பானா? நான் புரட்டினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேறு யாரும் இல்லாத இடத்தில் நாமே பட்டுக்கொண்டால்தான் உண்டு.

பக்கத்துப் பெண் பேனாவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் திரையில் விடை போடாத சிவப்புக் கட்டம் நிறைய. அவள் திரையை ஏன் பார்க்கிறாய், உன் திரையைப் பார். நாற்பத்தொன்பது நிமிடம். பஞ்சு நூல் விலை, வட்டி விகிதம், பணவீக்கம், எல்லாம் போயிற்று, கணக்குக் கேள்விகளில் ஒரு போனஸ் பங்குக் கணக்கு கொஞ்சம் இடறியது, ஒன்று இரண்டானால் விலை பாதி, லாபமும் பங்குக்குப் பாதி, சரிதான், போட்டுவிட்டேன். எழுபத்து மூன்றாவது கேள்வி. ஒரு நிறுவனத்தின் லாபம் மூன்று வருடமாக ஏறிக்கொண்டு வருகிறது. அதே மூன்று வருடமும் வியாபாரத்திலிருந்து கைக்கு வந்த ரொக்கம் கழித்தலில் இருக்கிறது. சரக்கு வாங்கியவர்களிடமிருந்து வர வேண்டியது, விற்பனையைவிட வேகமாக ஏறுகிறது. ஆய்வாளர் இதை எப்படிப் பார்க்க வேண்டும்? நாலு விடை. நான் இந்தக் கம்பெனியைப் பார்த்திருக்கிறேன். பெயர் போடவில்லை, எண்களை மாற்றியிருக்கிறார்கள், யாரோ பம்பாயில் ஏசி அறையில் உட்கார்ந்து சும்மா யோசித்து எழுதியதுதான், எனக்கும் தெரிகிறது, ஆனாலும் இது அந்த மோட்டார் கம்பெனிதான். நான் சேர்ந்த மூன்றாவது வருடம். மேசையின் இரண்டாவது இழுப்பறையில் அதன் ஆண்டறிக்கை இருந்தது, அறுபத்து நாலாம் பக்கம், பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அதற்குக் கீழே 'லாபம் இருக்கிறது, காசு எங்கே' என்று என் கையெழுத்தில். அந்த இழுப்பறைக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் ரங்கநாயகி டீச்சர்.

ரங்கநாயகி டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். புதன்கிழமை தவறாமல் வருவார், வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடை, குடையை மடித்து நாற்காலியின் கையில் மாட்டிவிட்டு, "எப்படி இருக்கே வசந்தமணி" என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே வாடிக்கையாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் சொந்தமாக ஒரு மாடிப் போர்ஷன், ஒரு ஹால், ஒரு படுக்கையறை, கொஞ்சம் மொட்டை மாடி, அதில் நாலு தொட்டி, அவ்வளவுதான் ஆசை. பணத்தைப் பாதி பேங்கில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டால் போர்ஷனை நல்லபடியாகக் கட்டலாம் என்று வந்தார். அண்ணன் டீ சாப்பிடக் கூப்பிட்டார். டீச்சர் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, ஆனால் போனார், திரும்பி மேலே வந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மோட்டார் கம்பெனி நல்லா வருமாம். அது அவரு சொல்றது. நீ என்ன நெனைக்கறே வசந்தமணி?" என்று கேட்டார். நீ என்ன நினைக்கிறாய். அந்த அலுவலகத்தில் அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் நினைத்தது இழுப்பறையில், என் முழங்காலுக்கு நேராக இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் தலை நிமிர்ந்தது, பார்த்தாரா, சும்மா நிமிர்ந்தாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மகளுக்கு அப்போது நாலு வயது, வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை இல்லாத வருடம், இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்தேனா, இல்லை பிற்பாடு காரணமாகச் சேர்த்துக்கொண்டேனா. "எனக்குத் தெரியாதுங்க டீச்சர்." சொல்லிவிட்டு ஆர்டரையும் நானே போட்டேன், இதோ மௌஸைப் பிடித்திருக்கிற இதே கை. இரண்டு வருடத்தில் அந்தப் பங்கு வாங்க ஆளில்லாமல் போய், அப்புறம் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த வாரப் புதன்கிழமையும் டீச்சர் வந்தார். குடையை மடித்தார். மாட்டினார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான், குரலை உயர்த்தக்கூட இல்லை, அப்புறம் மகளுக்கு எப்படிப் படிப்பு வருகிறது என்று கேட்டார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். இன்றைக்கும் சாய்பாபா காலனியில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

இரண்டாவது விடை. தெரியும். நாலையும் படிக்கத் தேவையில்லை, இரண்டாவதுதான், லாபத்தின் தரத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கை அசையவில்லை. இதற்கு ஒரு மதிப்பெண் தருகிறார்கள். டீச்சரின் மாடிப் போர்ஷனுக்கு, நாலு தொட்டிக்கு, ஒரு மதிப்பெண். அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா. அப்புறம் பார்க்கலாம் என்று குறி போட்டுவிட்டு நகர்ந்தேன், எழுபத்து நாலு, எழுபத்தைந்து, ஓரத்தில் எழுபத்து மூன்று மட்டும் வேறு நிறத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடித்துவிட்டேன் எல்லாவற்றையும். பதினொரு நிமிடம். திரும்ப வந்தேன். திரும்பப் படித்தேன். உறுதியாகத் தெரிந்தவை எத்தனை, அறுபத்தைந்து, சந்தேகம் பத்து பதினைந்து, அதில் பாதி போனால், அதற்குக் கால்கால் கழித்தால், வேண்டாம், இந்தக் கணக்கை நிறுத்து, போன தடவையும் இப்படி எண்ணி எழுபது என்று நினைத்துக்கொண்டுதான் ஐம்பத்தேழேகால் வாங்கினாய். பயம் மதிப்பெண்ணைப் பற்றியதா என்ன. அது வேறு, அதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே எதுவும் பதிவாகாது. எனக்கு அறிவு குறைவாக இருந்ததில்லை. அன்றைக்கே அறுபத்து நாலாம் பக்கம் தெரியும். குறைவாக இருந்தது வாய். இந்தப் பரீட்சையில் தேறி, விண்ணப்பம் போட்டு, எண் வந்து, வசந்தமணி, பதிவு பெற்ற ஆய்வாளர் என்று வாசலில் பலகையும் வைத்த பிறகு, ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால், பத்தொன்பது வருடம் பழகின வாய் எதைச் சொல்லும்? செபி எண் தரும். வாய் தருமா? அண்ணன் போன மாதம் சிரித்துக்கொண்டே கேட்டார், "நமக்கு எதுக்கு வசந்தமணி பரீட்சையெல்லாம்? நாம சொன்னா நாலு பேரு கேக்கறாங்க, பத்தாதா?" நான், "உங்க பேச்ச நாலு பேரு கேக்கறாங்கண்ணா. எம்பட பேச்ச எப்ப யாரு கேட்டா" என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அது என் வாயிலிருந்து வந்ததுதானே? வந்ததே. ஆறு நிமிடம். பக்கத்துப் பெண் எழுந்து போய்விட்டிருக்கிறாள், எப்போது போனாள். டீச்சர், இந்த ஒன்றை நான் வாங்கிக்கொள்கிறேன். சரியான விடையை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், பதினாறு வருடம் கழித்து இவர்களிடம் சொல்கிறேன், தப்புதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது. அமுக்கிவிட்டேன். நிறம் மாறிவிட்டது. கண்ணாடி மறுபடி மங்கிவிட்டது, ஏசியால்தான்.

முடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டது, ஆமாம், உறுதியாகவா என்று மறுபடி கேட்டது, அட ஆமாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, மேற்பார்வைக்கு நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். திரை வெள்ளையாகி ஒரு வட்டம் சுற்றியது. சுற்றுகிற வட்டத்தை எவ்வளவு நேரம் பார்க்க முடியும். எழுபத்தெட்டரை. தேர்ச்சி. எழுபத்தெட்டரை. மறுபடியும் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவில்லை, முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், முதுகு இவ்வளவு நேராகி எத்தனை நாள் ஆயிற்று. வசந்தமணி, பி.காம்., தபாலில், எழுபத்தெட்டரை. பஜ்ஜித் தாளில் படித்தவள். லாக்கர் பக்கத்தில் சூயிங்கம் பெண் நின்றிருந்தாள். "ஆன்ட்டி, எவ்ளோ?" சொன்னேன். வாயைப் பிளந்தாள். "எனக்கு அறுபத்தொண்ணுதான் ஆன்ட்டி." "பாஸ்தானே கண்ணு, அப்புறம் என்ன, உங்கம்மாகிட்ட டீ சொன்னியா இல்லியா?" சிரித்துக்கொண்டே படியிறங்கி ஓடினாள். போனை எடுத்து உயிர்ப்பித்தேன், எடுத்த கையோடு அடித்தது. ரங்கநாயகி டீச்சர். பன்னிரண்டுக்கு முடியும் என்று தெரியும் அவருக்கு, பன்னிரண்டு ஐந்து வரை பொறுத்திருக்கிறார், கணக்கு டீச்சர் அல்லவா.

மாடிப்படித் திருப்பத்திலேயே நின்று பேசினேன். "பாஸா?" என்றார். "பாஸுங்க டீச்சர். எழுபத்தெட்டர." "அரையா? அரை எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார், எழுபத்தாறு வயதுச் சிரிப்பு, கொஞ்சம் இருமலோடு வந்தது. அப்புறம் குரல் தணிந்தது. "வசந்தமணி, ஒண்ணு கேக்கட்டுமா. உங்க நாச்சிமுத்து ஒரு ஷேர் சொல்றாரு, சர்க்கரை ஆலை. முந்தாநா டீ சாப்பிடக் கூப்பிட்டாரு. இப்ப நீ சொல்லு. வாங்கலாமா?" சர்க்கரை ஆலை. எது என்று எனக்குத் தெரியும், போன வாரம்தான் அதன் குறிப்புகளைப் படித்தேன், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடி சில்லென்று இருந்தது. பதினாறு வருடமாகக் காத்திருந்த கேள்வி, கேட்க வேண்டிய அதே வாய், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிமிர ஒரு தலை இல்லை, போனில் பதிவில்லை, சுற்றி ஒரு ஆளில்லை. பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன், நினைத்தவுடனே தெரிந்துவிட்டது, இது பேக்கரி பெஞ்சு. பன்னும் டீயும்தான் இல்லை. எல்லாக் கேள்விக்கும் கூடாது கூடாது என்று அமுக்கிவிட்டு இறங்கி வந்து இருபது படி ஆகவில்லை. சும்மா மார்க் போட வைத்த கேள்வி என்று நினைத்தேனே, அது இதோ போனில் வந்து கேட்கிறது. ஆனால் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன், செத்தாலும் டீச்சரிடம் இன்னொரு முறை அதைச் சொல்ல மாட்டேன். "எனக்குத் தெரியுங்க டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது, படிக்கட்டில் மோதித் திரும்பி வந்தது. "நல்லாத் தெரியும். அந்தக் கம்பெனி கணக்கு பூராவும் படிச்சிருக்கறேன். ஆனா இன்னும் எனக்கு நம்பர் வரல. அது வர்ற வரைக்கும் நான் சொல்லக் கூடாதுங்க. வந்ததுக்கப்புறம் மொதப் பேச்சு உங்களுக்குத்தான், எழுத்துல, எம்பட பேர் போட்டு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அது வரைக்கும் டீ சாப்பிட மட்டும் போகாதீங்க."

டீச்சர் கோபித்துக்கொண்டாரோ, மறுபடியும் கைவிட்டேன் என்று நினைத்தாரோ, அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை, கணக்கில் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன். ஒன்றில்லை டீச்சர். அன்றைக்குச் சொன்னது பொய், என்னிடம் கொடுத்து வைத்த பொய். இன்றைக்குச் சொன்னது நிஜம், நானாகச் சொன்னது. அதைச் சொல்ல வாயெடுக்கும் முன்னால் டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கணக்கு டீச்சர்கிட்டயே ஒரு ஸ்டெப் விடாமப் போடறயா" என்றார். "சரி. எத்தன மாசம் ஆகும்?" "மூணு நாலு ஆகுமுங்க." "ஆகட்டும். இத்தன வருசம் பொறுத்தாச்சு, இது ஒரு பெரிசா." வைக்கப் போகிறார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. "உனக்குத் தெரியும்னு அன்னிக்கே நெனச்சேன், வசந்தமணி." நான் தலையை ஆட்டினேன், போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும். கீழே வீட்டுக்காரர் எதிர்ப் பக்கத்து பேக்கரியில் இரண்டு முட்டை பப்ஸை முன்னால் வைத்துக்கொண்டு, தொடாமல், வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தவுடனே எழுந்துவிட்டார், எண்ணைச் சொன்னேன், "அதான பாத்தேன்" என்று யாரோ தப்பாகச் சொல்லிவிட்டதைத் திருத்துகிற மாதிரி சொன்னார், கண் கலங்கியதை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு நேரம் யாருகூடப் பேசிட்டு இருந்தே?" "டீச்சரு. ஒரு ஷேரு வாங்கலாமான்னு கேட்டாங்க." "என்ன சொன்னே?" பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும்னு சொன்னேன்" என்றேன். அவர் இரண்டு டீ சொன்னார்.